சூரிய வழிபாட்டின் உட்பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளித்துவிட்டு வந்ததும் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போடும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது எதற்காக என்று பிள்ளைகள் கேட்டால், "சூரியன் கண்கண்ட தெய்வம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலும் சொல்ல நிறைய இருக்கிறது என்பதால் இந்தக் கேள்வி-பதில்.

வானத்தில் தெரியும் அந்த நெருப்புக் கோளத்தையா வணங்குகிறோம்?

அந்தக் கோளத்தின் வழியாக வணங்குகிறோம். அப்பர் பெருமான் இதே கேள்வியை எழுப்பிப் பதிலும் சொல்லிவிட்டார். "அருக்கன் பாதம் வணங்குவர் அந்தியில், அருக்கன் ஆவான் அரனுரு அல்லனோ" என்பது ஐந்தாம் திருமுறையில் உள்ள அவர் வாக்கு. அந்திப்பொழுதில் எல்லாரும் சூரியனை வணங்குகிறார்களே, அந்தச் சூரியன் சிவனுடைய உருவம்தானே, வேதங்கள் தொழுவதும் அந்த ஈசனைத்தானே என்று கேட்டு, இதை நினைத்துப் பாராதவர்களைக் கல்மனத்தவர் என்று கடிந்துகொள்கிறார். சூரியனைக் கும்பிடாதே என்று அவர் தடுக்கவில்லை. கும்பிடும்போது மனம் எதுவரை போய்ச் சேர வேண்டும் என்று காட்டுகிறார்.

ஈசாவாஸ்ய உபநிஷத்து இதையே பிரார்த்தனையாக வைத்திருக்கிறது. "பொன்மயமான பாத்திரத்தால் சத்தியத்தின் முகம் மூடப்பட்டிருக்கிறது. பூஷனே (சூரியனே), நான் காணும்படி அதை விலக்கு" என்று தொடங்கி, "உன் கதிர்களை ஒதுக்கு, ஒளியைச் சுருக்கிக்கொள், உன் மங்களமான உருவத்தை நான் காண வேண்டும், அங்கே இருக்கும் அந்தப் புருஷன் எவனோ, அவனே நான்" என்று போய் நிற்கிறது. உயிர் பிரியும் வேளையில் சொல்லும் பிரார்த்தனையாக உரையாசிரியர்கள் இதைக் கொள்வார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, கண்ணைக் கூசவைக்கும் அந்த ஒளிவட்டமே மூடியாகச் சொல்லப்படுகிறது. மூடிக்குப் பின்னால் உள்ளதைக் காட்டச் சொல்லி, மூடியிடமே வேண்டிக்கொள்கிறார்கள். சூரிய வழிபாட்டின் மொத்த உட்பொருளையும் ஒரே இடத்தில் காட்டு என்றால் நான் இந்த மந்திரத்தைத்தான் காட்டுவேன்.

"உள்ளே இருக்கும் சூரியன்" என்கிறார்களே, அது என்ன?

பிருஹதாரண்யக உபநிஷத்தில் ஜனகர் யாக்ஞவல்கியரிடம் கேட்கிறார்: மனிதனுக்கு எது ஒளி? சூரியன் என்கிறார் முனிவர். அந்த வெளிச்சத்தில்தானே மனிதன் உட்காருகிறான், வெளியே போகிறான், வேலை செய்கிறான், வீடு திரும்புகிறான்? சரி, சூரியன் மறைந்துவிட்டால்? சந்திரன். அதுவும் மறைந்துவிட்டால்? நெருப்பு. நெருப்பும் அணைந்துவிட்டால்? பேச்சு. தன் கையே தெரியாத இருட்டில் குரல் வரும் பக்கமாகத்தான் மனிதன் நடக்கிறான் என்று விளக்குகிறார். ஜனகர் விடவில்லை. பேச்சும் அடங்கிவிட்டால்? அப்போது ஆத்மாவே அவனுக்கு ஒளி.

கனவில் காணும் காட்சிக்கு எந்த வெயிலும் விழுவதில்லை, ஆனாலும் பார்க்கிறோம். அந்தப் பார்வைக்கு உரிய வெளிச்சம் நம்மிடமே இருக்கிறது. வெளியே சூரியன் உலகைக் காட்டுவதும் உள்ளே அறிவு அனுபவங்களைக் காட்டுவதும் ஒரே பொருளின் இரண்டு நிலைகள் என்பதுதான் உபநிஷத்துகளின் துணிவு. "மனிதனிடம் இருப்பவன், ஆதித்யனிடம் இருப்பவன், இருவரும் ஒருவனே" என்று தைத்திரீய உபநிஷத்து நேராகவே சொல்லிவிடுகிறது.

காயத்ரி மந்திரம் சூரியனிடம் என்ன கேட்கிறது?

ரிக்வேதத்தின் மூன்றாம் மண்டலத்தில் 62-ஆவது சூக்தத்தின் 10-ஆவது மந்திரம் அது. ரிஷி விசுவாமித்திரர், தெய்வம் ஸவிதா, அதாவது தூண்டுபவனாகிய சூரியன். எட்டெட்டு எழுத்தாக மூன்று அடிகள். "எந்த ஸவிதா தேவன் எங்கள் புத்தியைத் தூண்டுகிறானோ, அவனுடைய மேலான ஒளியைத் தியானிக்கிறோம்" என்பது கருத்து. பொன் கேட்கவில்லை, நோய் தீரக் கேட்கவில்லை, பகைவன் ஒழியவும் கேட்கவில்லை. புத்தி நல்ல வழியில் செல்லட்டும் என்பது மட்டும்தான் வேண்டுதல். அதுவும் "என் புத்தி" என்று இல்லாமல் "எங்கள் புத்தி" என்று இருக்கிறது. தனி ஆளாக உட்கார்ந்து ஜபம் செய்பவரும் எல்லாருக்காகவும்தான் கேட்கிறார்.

கையில் நீர் எடுத்து விடுவது (அர்க்கியம்) ஏன்? சூரியனுக்குத் தண்ணீர் எதற்கு?

சூரியனுக்கு வேண்டியதில்லை, விடுகிறவருக்கு வேண்டியிருக்கிறது.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். காலையில் கிழக்கு நோக்கி நின்று, இரு கைகளையும் சேர்த்து நீர் நிரப்பி, காயத்ரி சொல்லி, கைகளை உயர்த்தி விரல் நுனி வழியாக நீர் முன்னால் விழும்படி விடுவார்கள். கட்டைவிரல்கள் மற்ற விரல்களோடு சேராமல் விலகி நிற்கும். நீர் விழும் அந்த நொடியில் எதிரே சூரியன் இருந்தால், வழியும் நீரில் வெயில் பட்டுத் தெறிக்கும்.

இதற்கு தைத்திரீய ஆரண்யகம் ஒரு கதை சொல்கிறது. மந்தேஹர் என்னும் அரக்கர்கள் உதயத்திலும் அஸ்தமனத்திலும் சூரியனோடு சண்டைக்கு நிற்கிறார்கள். காயத்ரியால் மந்திரிக்கப்பட்டு மேலே வீசப்படும் நீர் வஜ்ராயுதமாகி அவர்களைத் தூக்கி எறிகிறது. கதையை அப்படியே நம்புகிறவர்கள் உண்டு. மந்தேஹர்களை மனத்தின் மந்தம், சோம்பல் என்று கொள்கிற பெரியவர்களும் உண்டு. விடியற்காலையில் போர்வையை விலக்கி எழுந்திருக்க மனம் போடும் சண்டையை அறிந்தவர்களுக்கு இரண்டாவது விளக்கம் சட்டென்று புரியும்.

ஆனால் கதையை விட அதற்கு அடுத்து வரும் செயல்தான் முக்கியம் என்பது என் எண்ணம். அர்க்கியம் விட்டதும் தன்னைத்தானே ஒருமுறை வலமாகச் சுற்றிக்கொண்டு, "அஸாவாதித்யோ ப்ரஹ்ம" என்று சொல்வார்கள். அதோ அந்த ஆதித்யன் பிரம்மம் என்று பொருள். அத்வைத மரபைச் சேர்ந்த ஸ்மார்த்தர்கள் "ப்ரஹ்மைவாஹமஸ்மி", அந்தப் பிரம்மமே நான், என்று சேர்த்துக்கொள்வார்கள். கோயிலில் சந்நிதியை வலம் வருகிறோம். இங்கே மந்திரம் சூரியனைச் சொல்ல, வலம் வருவதோ தன்னையே. வெளியே வணங்கியதையும் உள்ளே இருப்பதையும் உடம்பைக் கொண்டே ஒன்றாக்கிக் காட்டும் இந்தச் சின்னச் சடங்கைப் பலர் அவசர அவசரமாக முடித்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் ஒரு மூச்சு நேரமாவது நின்று நிதானித்துச் செய்யுங்கள்.

இந்த வழிபாடு ஏன் மூன்று வேளை?

ஒரு பொழுது இன்னொரு பொழுதாக மாறும் மூன்று வேளைகள் அவை: இரவு பகலாகும் நேரம், முற்பகல் பிற்பகலாகும் நேரம், பகல் இரவாகும் நேரம். யஜுர்வேத மரபில் காலையில் மித்ரனையும் உச்சியில் சூரியனையும் மாலையில் வருணனையும் போற்றும் மந்திரங்களால் சூரியனை வழிபடுவார்கள். மாலையில் வருணனிடம் சொல்லும் மந்திரத்தில் "நாள்தோறும் நாங்கள் மனிதர்களாக எந்த விரதத்தை மீறினோமோ" என்ற மன்னிப்பும் வரும். ஒரு பகல் முடிகிறபோது அதைத் திரும்பிப் பார்த்துக் கேட்கும் மன்னிப்பு. கர்ம சாட்சி என்று சூரியனுக்குப் பெயர் இருப்பது இதனால் பொருத்தம்.

சூரிய வழிபாடு வடக்கிலிருந்து வந்ததா? தமிழில் உண்டா?

தமிழில் நிறையவே உண்டு. திருமுருகாற்றுப்படை தொடங்குவதே உலகம் மகிழக் கடல்மேல் எழும் "பலர்புகழ் ஞாயிறு" என்ற காட்சியோடுதான். முருகனின் பேரொளிக்கு உவமையாக நக்கீரர் எடுத்துக்கொண்டது அதைத்தான். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்து திங்களைப் போற்றி, அடுத்து "ஞாயிறு போற்றுதும்" என்று வாழ்த்துகிறது. அதே காப்பியம் புகார் நகரக் கோயில்களை வரிசைப்படுத்தும்போது "உச்சிக்கிழான் கோட்டம்" என்று சூரியன் கோயிலையும் சேர்க்கிறது.

எனக்கு மிகவும் நெருக்கமானது பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதிப் பாசுரம். "வையம் தகளியா வார்கடலே நெய்யாக, வெய்ய கதிரோன் விளக்காக" என்கிறார். பூமி அகல், கடல் நெய், கதிரவன் சுடர். இத்தனையும் ஏற்றிவைத்தது சுடராழியான், அதாவது சக்கரம் ஏந்திய திருமால், திருவடிக்குப் பாமாலை சூட்ட. சூரியனையே விளக்காக எடுத்துக் கடவுள் முன் ஏற்றிவிட்டார் ஆழ்வார். மாணிக்கவாசகரோ "அருக்கனிற் சோதி அமைத்தோன்" என்று இறைவனைப் பாடுகிறார். சூரியனுக்கு அந்தச் சோதியை வைத்தது யார் என்பது அவர் நோக்கு. அப்பர், ஆழ்வார், மாணிக்கவாசகர் மூவரும் சூரியனில் நின்றுவிடாமல் அதைத் தாண்டிப் போகிறார்கள். தாண்டிப் போவதற்குப் படி சூரியன்தான்.

சைவத்திலும் வைணவத்திலும் சூரியனுக்கு என்ன இடம்?

சூரியனையே முழுமுதலாகக் கொண்ட சௌரம் என்னும் தனி நெறி ஒரு காலத்தில் இருந்தது. காச்மீரத்து மார்த்தாண்டர் கோயில் (8-ஆம் நூற்றாண்டு), குஜராத்தின் மோதேரா (11-ஆம் நூற்றாண்டு), ஒடிசாவின் கோனார்க் (13-ஆம் நூற்றாண்டு) எல்லாம் சூரிய வழிபாடு எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதற்குச் சான்று. பிற்காலத்தில் சௌரம் தனி நெறியாக நிற்கவில்லை. மற்ற நெறிகளுக்குள் கலந்துவிட்டது.

சைவத்தில் சிவனின் எட்டு வடிவங்களுள் சூரியனும் ஒன்று. சிவாலயங்களில் பூஜை சூரியனிலிருந்து தொடங்கும். உள்ளே நுழைந்ததும் சூரியன் திருமேனியைப் பல ஊர்களில் காணலாம். கும்பகோணம் நாகேஸ்வரன் கோயிலில் சித்திரை 11, 12, 13 தேதிகளில் காலை வெயில் கருவறை வரை நீண்டு லிங்கத்தின்மேல் விழும். அதற்குச் "சூரிய பூஜை" என்றே பெயர். நாம் வணங்கும் சூரியன் அங்கே வந்து சிவனை வணங்கிவிட்டுப் போகிறான்.

வைணவர்களுக்குச் சூரிய மண்டலத்தின் நடுவே இருப்பவன் நாராயணன். சங்கும் சக்கரமும் ஏந்தி, பொன்மேனியோடு, தாமரை ஆசனத்தில் வீற்றிருப்பவனாகத் தியானிக்க வேண்டும் என்று புகழ்பெற்ற தியான சுலோகமே இருக்கிறது. ஐந்து தெய்வங்களைச் சேர்த்து வழிபடும் ஸ்மார்த்தர்களின் பஞ்சாயதன பூஜையில் சூரியன் ஸ்படிகக் கல்லாக இருப்பார். அந்த ஸ்படிகத்துக்குப் பேர்போன ஊர் தஞ்சாவூரை அடுத்த வல்லம்.

ஏழு குதிரை, ஒற்றைச் சக்கரம்: இதற்கு என்ன பொருள்?

ஒற்றைச் சக்கரம் காலம். ரிக்வேதத்தின் முதல் மண்டலத்தில் பன்னிரண்டு ஆரங்கள் கொண்ட சக்கரம் ஒன்று வருகிறது, அதன்மேல் 720 பிள்ளைகள் இரட்டையராக நிற்கிறார்கள். பன்னிரண்டு மாதம், 360 பகல், 360 இரவு. ஏழு குதிரைகளை விஷ்ணு புராணம் காயத்ரி முதலான ஏழு வேதச் சந்தஸ்கள் (யாப்பு வகைகள்) என்கிறது. வானவில்லின் ஏழு நிறம் என்று இப்போது பரவலாகச் சொல்வது பிற்கால விளக்கம். சொல்ல அழகாக இருந்தாலும் புராணத்தின்மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சூரியனின் பிள்ளைகளையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். யமனும் சனியும் அவன் புதல்வர்கள், யமுனை புதல்வி, மருத்துவ தேவர்களான அசுவினிகளும் அவன் மக்களே. உயிர் தருகிறவனின் வீட்டிலேயே மருந்தும் மரணமும் பிறந்திருக்கின்றன. நாளை எண்ணித் தருகிற சூரியன் நாளைக் கழித்துக்கொண்டும் இருக்கிறான் என்பதைப் புராணம் குடும்பக் கதையாகச் சொல்லிவைத்தது.

ஆதித்ய ஹ்ருதயத்துக்கு ஏன் இவ்வளவு பெருமை?

அது சொல்லப்பட்ட இடத்தால். வால்மீகி ராமாயணத்தின் யுத்த காண்டத்தில் ராமன் போரில் களைத்து, எதிரே ராவணன் நிற்க, சிந்தனையில் ஆழ்ந்து நிற்கிறான். அகத்தியர் வந்து அந்தத் துதியை உபதேசிக்கிறார். "இவனே பிரம்மா, இவனே விஷ்ணு, இவனே சிவன், ஸ்கந்தன்" என்று அடுக்கி, எல்லாத் தெய்வமும் இந்த ஒளியில் அடக்கம் என்கிறது துதி. தூங்குகிற உயிர்களுக்குள் விழித்திருப்பவன் இவன் என்ற வரியும் அதில் உண்டு. மூன்றுமுறை ஜபித்த ராமன் சோகம் நீங்கி வில்லை எடுக்கிறான். பகைவனை வெல்ல மந்திரம் என்று இதைப் பிரபலப்படுத்துகிறார்கள். படித்துப் பார்த்தால் அது முதலில் தீர்ப்பது ராமனின் மனச்சோர்வை. சோர்ந்து கிடக்கும் யாருக்கும் தயங்காமல் இதைச் சொல்லலாம்.

சூரியன் ஒரு விண்மீன் என்று தெரிந்த பிறகும் வணங்குவது சரியா?

தாராளமாக. சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, அதன் ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. நாம் உண்ணும் அரிசி, எரிக்கும் விறகு எல்லாமே அந்த ஒளியைச் செடிகள் பிடித்துச் சேர்த்துவைத்ததால் வந்தவை. இதை அறிந்தபின் நன்றி கூடத்தான் வேண்டும்.

ஐதரேய பிராம்மணம், சூரியன் உண்மையில் உதிப்பதுமில்லை மறைவதுமில்லை என்று சொல்கிறது. இதை வைத்துக்கொண்டு "எல்லா விஞ்ஞானமும் வேதத்தில் அன்றே இருந்தது" என்று வாதாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வரியின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. சாந்தோக்ய உபநிஷத்தும் இதே பேச்சை எடுத்து, உண்மையை அறிந்தவனுக்குச் சூரியன் உதிப்பதுமில்லை, அஸ்தமிப்பதுமில்லை, அவனுக்கு எப்போதும் பகலே என்கிறது. வானியல் பேசுவது வெளிச்சூரியனை. உபநிஷத்து பேசும் பகல் ஜனகர் கேட்டறிந்தது.

பொங்கல், ரத சப்தமி, சட் பூஜை: மூன்றுக்கும் அடிப்படை ஒன்றா?

சூரியன் ஒன்று, மனநிலை வேறு வேறு. தை முதல் நாள் பொங்கல் நன்றி சொல்லும் நாள். சூரியன் மகர ராசியில் நுழைவதை வைத்து வருவது. வானியல்படி வடக்கு நோக்கிய திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22-இலேயே நடந்துவிடுகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட நம் கணக்குக்கும் அதற்கும் இன்று சுமார் 24 நாள் இடைவெளி. இதனால் பண்டிகையின் பொருள் குறைவதில்லை.

ரத சப்தமி (பெரும்பாலும் தை மாத வளர்பிறை சப்தமி) தூய்மைக்கான நாள். ஏழு எருக்க இலைகளைத் தலையிலும் தோள்களிலும் வைத்துக்கொண்டு, கொஞ்சம் அட்சதையும் சேர்த்து நீராடுவார்கள். ஏழு பிறவிப் பாவம் தீரட்டும் என்பது சுலோகத்தின் வேண்டுதல். எருக்குப் பால் கண்ணில் பட்டால் கெடுதல், அதனால் இலையைக் கிள்ளிய காம்பைக் கழுவிவிட்டுக் குழந்தைகளுக்கு வையுங்கள். திருமலையில் அன்று ஒரே நாளில் சூரியப் பிரபை தொடங்கி ஏழு வாகனங்களில் பெருமாள் வலம் வருவார்.

பீகார் பக்கத்தில் நடக்கும் சட் பூஜையில் என்னைக் கவர்வது, முதல் அர்க்கியம் மறைகிற சூரியனுக்கு என்பது. ஆற்றிலோ குளத்திலோ இறங்கி நின்று அன்று மாலை மறைகிறவனையும் மறுநாள் காலை உதிக்கிறவனையும் வணங்குகிறார்கள். நோன்பு இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். புரோகிதர் தேவையில்லை.

ஜாதகத்தில் சூரியன் பலவீனம் என்றார்கள். பரிகாரமாக வணங்கலாமா?

வணங்குங்கள். ஆடுதுறைக்கு அருகில் சூரியனார் கோயில் இருக்கிறது; முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்தது, மற்ற எட்டுக் கிரகங்களும் சூரியனை நோக்கி இருக்கும் கோயில். போய்வருவது மனத்துக்கு நல்லது. ஆனால் ஒன்பதில் ஒருவராக மட்டும் சூரியனைப் பார்த்துவிட்டு, பயத்தோடு விளக்கேற்றிவிட்டு வந்துவிட்டால், புத்தியைத் தூண்டுபவன் என்று வேதம் சொன்னது விட்டுப்போகிறது. பயம் கொண்டுவந்து சேர்த்தாலும் பரவாயில்லை, வந்த பிறகு காயத்ரியின் பொருளையாவது ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

சூரிய நமஸ்காரம் உடற்பயிற்சியா, வழிபாடா?

இன்று பள்ளிகளிலும் யோகா வகுப்புகளிலும் செய்கிற ஆசன வரிசை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவுந்த் சமஸ்தான மன்னர் பவான்ராவ் போன்றோரால் பரவியது. அதற்கு முன்பிருந்தே, அருணப் பிரச்னம் என்னும் வேதப் பகுதியை ஓதி நமஸ்காரங்கள் செய்யும் முறை இருக்கிறது. அதற்கும் சூரிய நமஸ்காரம் என்றே பெயர். ஆசன வரிசையைச் செய்பவர்கள் மித்ரன், ரவி, சூரியன், பானு, ககன், பூஷன், ஹிரண்யகர்பன், மரீசி, ஆதித்யன், ஸவிதா, அர்க்கன், பாஸ்கரன் என்ற பன்னிரண்டு பெயர்களையும் சொல்லிச் செய்தால் உடம்போடு மனமும் சேர்ந்து குனியும்.

காயத்ரி உபதேசம் பெறாதவர்கள் எப்படித் தொடங்கலாம்? சூரியனை நேராகப் பார்க்கலாமா?

மேலே சொன்ன பன்னிரண்டு பெயர்களுக்கோ, அப்பர் பாட்டுக்கோ, ஆழ்வார் பாசுரத்துக்கோ யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆண், பெண், சிறுவர் யாரும் சொல்லலாம். ஒரு செம்பு நீரைச் செடிக்கு ஊற்றும்போதே கிழக்கு நோக்கி ஊற்றினாலும் போதும்.

நேராக உற்றுப் பார்க்காதீர்கள். விழித்திரை நிரந்தரமாகப் பாதிக்கப்படும். அப்போது வலிகூடத் தெரியாது. கிரகணத்தின்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். உச்சிவேளை வழிபாட்டில் விரல்களைக் கோத்து அதன் இடுக்கு வழியாகச் சூரியனைக் காணும் முறை ஒன்று உண்டு. அதையும் கையை மட்டும் உயர்த்தி, பார்வையைத் தாழ்த்திச் செய்துகொள்ளலாம். கண்ணை மூடி முகத்தில் வெதுவெதுப்பை உணர்ந்து நிற்பதும் தரிசனமே. மழைக்காலத்தில் நாலைந்து நாள் சூரியன் தெரியவே இல்லை என்றாலும் அர்க்கியத்தை நிறுத்துவதில்லை, வழக்கமான நேரத்தில் கிழக்குத் திசைக்கே நீர் விடுவார்கள்.